அப்பா நட்ட மரங்களை ஏன் வெட்டச் சொன்னேன்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதறது. நான் இங்க சுகமா இருக்கேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நீயும் மருமகளும் பாப்பாவும் அங்க சுகமா இருப்பீங்கன்னு நானா நினைச்சுக்கறேன், கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா நீ போனை எடுக்கறதில்ல. இத்தனை நாள் வாயை மூடிட்டிருந்த சித்தப்பா போன மாசம் உன்கிட்ட கொட்டினது உண்மைதான். வீட்டுக்குப் பின்னால அப்பா நட்ட மரங்கள்ல பாதியை வெட்டச் சொன்னது நான்தான். உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. சித்தப்பா சொன்ன விதத்துல கேட்டுட்ட, நடந்த விதத்துலயும் ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா போன பிறகு, காலையில கொல்லைக் கதவைத் திறந்தா பாடுமே அந்த மஞ்சக் கழுத்துக் குருவி, அது எனக்குக் கேக்கவே இல்ல. வயசாச்சு, காது போயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட போனேன். அவர் என்னென்னமோ மாட்டிப் பார்த்துட்டு, என் காதை விட உங்க காது நல்லா இருக்கும்மான்னு சிரிச்சார். எனக்கு ஏனோ அழுகைதான் வந்துச்சு. அப்போ நம்ம மாடியில ஒரு பொண்ணு குடியிருந்தா, வனத்துறைக்காகப் பறவை ஆராய்ச்சி பண்றவ. அவகிட்ட சொன்னேன். காது சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி, குருவிதான் இல்ல, பக்கத்துக் காடு பூராவுமே அது குறைஞ்சுகிட்டே வருதுன்னா. என் கையைப் பிடிச்சு மரங்களுக்குள்ள கூட்டிட்டுப் போனா. அப்பா போனதிலிருந்து நான் அந்தப் பக்கம் காலே வைக்கல. மரமெல்லாம் தலையோட தலை முட்டி நிக்குது, நடுப்பகல்லயே அந்தி மாதிரி இருட்டு, கீழ வெறும் சருகு, பேருக்கு ஒரு செடி இல்ல. அந்தக் குருவி மரத்து உச்சியில கூடு கட்டாதாம், இடுப்பு உயரப் புதர்லதான் கட்டுமாம், புதர் வளரணும்னா வெயில் தரையைத் தொடணுமாம். அந்தக் காடும் அப்படியேதான் அடைஞ்சு கிடக்கு, இங்க அங்கங்க வெட்டி வெளிச்சத்தை உள்ள விட்டா குருவி திரும்பி வரலாம், ஆனா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்னா. எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. அவர் குடம் குடமா தண்ணி ஊத்தி வளர்த்ததை வெட்டச் சொல்றியா, குடியிருக்க வந்தா குடியிருக்கறதோட நிறுத்திக்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ மாடிப்படி ஏறினாக்கூட சத்தம் வராம ஏறினா.

மழைக்காலம் பூரா வீட்ல நானும் பூனையும்தான். பேச ஆளில்லாம பூனைகிட்ட நியாயம் கேட்டுட்டிருந்தேன். குருவி வந்து உக்கார ஒரு கிளை வேணும்டின்னுதானே அவர் நட ஆரம்பிச்சார், இப்போ மரத்தைக் காப்பாத்தறேன்னு குருவியைத் தொலைச்சுட்டு நிக்கறேனேன்னு தோணிச்சு. மாடிக்குப் போய், எதை எதை வெட்டணும்னு காட்டும்மான்னு சொன்னேன். அவ சாக்பீஸால குறி போட்டா. பட்டுப்போய் நின்ன மரத்தைத் தொட விடல, அதோட பொந்துல வேற பறவை குடியிருக்குமாம். ரம்பம் ஓடின அன்னைக்கு ரேடியோவைச் சத்தமா வச்சுட்டு அடுப்படியிலயே உக்காந்திருந்தேன். சித்தப்பா வந்தார். அண்ணன் போனது போதாதா அண்ணி, அவர் கை பட்டதையும் விடமாட்டீங்களான்னு கேட்டுட்டு, ஊத்தி வச்ச காபியைத் தொடாமலே போனவர்தான், இன்னும் வாசல் மிதிக்கல.

முதல் வருஷம் முள்ளும் களையும்தான் மண்டிச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, முள்ளு விவசாயமான்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் ஒரே ஒரு ஆண் குருவி வந்துச்சு. ஜோடியைக் கூப்பிடத்தான் பாடுமாம். காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் தொண்டை கிழியக் கூப்பிட்டுச்சு, யாரும் வரல. போதும், வேற எங்கயாவது போ கண்ணுன்னு ஜன்னல்லயிருந்து நானே சொன்னேன். இந்த வருஷம் ரெண்டா வந்துச்சு. புதர்ல கூடு கட்டி முட்டை வச்சுது, பாம்பு குடிச்சுட்டுப் போயிடுச்சு. விடாம மறுபடியும் கட்டிச்சு. பூனையை வீட்டுக்குள்ளயே அடைச்சு வச்சேன், என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்துச்சு. ஒரு காலையில குஞ்சுங்க தத்தித் தத்திக் கிளைக்கு ஏறி, பறந்தே போச்சு. சொல்லணும்னு மாடிக்கு ஓடினேன். அங்க பூட்டு தொங்குச்சு. அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சு அதுக்கு முந்தின வாரமே வேற ஊருக்குப் போயிட்டா, அவசரத்துல மறந்துட்டேன். படியில உக்காந்துட்டேன், இறங்க ரொம்ப நேரம் ஆச்சு.

அந்தப் புதரும் சில வருஷத்துல வளர்ந்து இருண்டுடும், அப்போ இன்னொரு பக்கம் வெட்டிக் கொடுக்கணுமாம், ஒரு தடவையோட முடிஞ்சு போற வேலையில்ல. அதை என்னால தனியா முடிவு பண்ண முடியாது தம்பி, நீ ஒரு தடவை வந்து பாரு. பார்த்துட்டும் தப்புன்னு தோணினா முகத்துக்கு நேரா சொல்லு, கேட்டுக்கறேன்.

வெறும் வயித்தோட வேலைக்கு ஓடாத. மருமகளை அதட்டிப் பேசாத. பாப்பாவுக்கு என் முத்தம். எல்லாரும் நோய் நொடியில்லாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடுவேன். பேசப் பிடிக்கலன்னா பேச வேணாம், எடுத்துக் காதுல மட்டும் வச்சுக்க, நீ அந்தப் பக்கம் இருக்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா