பிடுங்காமல் விட்ட கிழங்கு

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கால் குடைச்சல் ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, பசுவும் கன்றும்கூட சுகம், நீயும் மஸ்கட் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் அழ ஆரம்பித்துவிடுகிறாய், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது, அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் படித்த கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஏரி நிரம்பிவிட்டது, தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. நாம் ஜெயித்துவிட்டோம்.

அப்பா காரியம் முடிந்த மறுநாளே நீ விமானம் ஏறிவிட்டாய், பிறகு நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதனால் கோவையாக எழுதுகிறேன். மரவள்ளிக் கிழங்கில் மாவெடுத்த கழிவுத் தண்ணீரைக் கிழங்கு மில்காரன் குழாய் வைத்து ஏரியில் விட்டதும், கிணறெல்லாம் கெட்டதும், நம் அரைக்காணி நெல் வேரோடு அழுகியதும் உனக்குத் தெரியும். அப்பா திங்கட்கிழமைதோறும் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போவார், பஸ்ஸில் அந்த நாற்றத்துக்கு அவர் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள், சீட்டு எனக்கு மட்டும் முழுசா கிடைக்குது என்று சிரிப்பார். அவர் போனதும் மில் மேனேஜர் சிவசங்கர் டீக்கடையில் உட்கார்ந்து, "பெரியவரு போய்ட்டாரு, பிரச்சினையும் அவரோட போச்சு" என்றானாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு அழுகை நின்றது மகளே, வேறு எதுவோ வந்தது.

கார்த்திகையில் நம் தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மில்லுக்குப் போகிற ரோட்டில் உட்கார்ந்தோம். கல்லைத் தொடுவதில்லை, ஒருத்தரையும் வாடா போடா என்று பேசுவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். என்னைப் பார்த்துத்தான் ஊரே வாயைத் திறந்தது, நம் ஊர் சுப்புராயன் மாமா வண்டியை நிறுத்தி, "தாலி அறுத்த ஈரம் காயல, அதுக்குள்ள நடுரோட்டுல வந்து குந்திக்கினு இருக்குது பாரு" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு இருசம்மாள் விடுவாளா, "அவ வூட்டுக்குள்ள அழுதா ஏரி நாத்தம் போயிடுமா மாமா? அழறவ ரோட்டுல அழுவட்டும், லாரியாவது நிக்கும்" என்றாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். லாரியும் நின்றது. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு ஏற்றி வந்த லாரி, மூன்று நாள் விடவில்லை, ஜெயித்துவிட்டோம் என்று கும்மிகூட அடித்தோம். அங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். மில்லுக்குள் போய் எடை போட்ட பிறகுதான் அது மில்காரன் கிழங்கு, அதுவரைக்கும் விளைவித்தவனுடையது என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளிலேயே உள்ளே கறுத்துப்போகும், தார்ப்பாயை விலக்கியபோது லாரி முழுக்க அழுகல் வாடை. மலைக்காரர் மாதன் என்பவருடைய ஒரு வருஷத்து விளைச்சல் அது. அவர் எங்களைத் திட்டவில்லை, "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மலைக்கு பஸ் ஏறிவிட்டார். மில்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு வீட்டிலும் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் நாங்கள் கொஞ்சம் பேர் கச்சிராயபாளையம் போய் அங்கிருந்து மலை பஸ் பிடித்து மாதன் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நின்றோம், வாங்க என்று ஒரு சொல் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அவர் மனைவி சாமியம்மாள் எங்களைப் பார்க்காத மாதிரியே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தோம். பக்கத்தில் அவர்களுடைய சாமை முற்றிச் சாய்ந்து கிடந்தது. இருசம்மாள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், தாழ்வாரத்தில் செருகியிருந்த அரிவாள்களை எடுத்துக்கொண்டு அந்தச் சாமைக் கொல்லையில் இறங்கிவிட்டோம். வெயில் உச்சிக்கு வந்த பிறகு சாமியம்மாள் கூழ்க் குண்டானைக் கொண்டுவந்து வரப்பில் வைத்து, "அறுக்கத் தெரியாத அறுப்பு அறுக்கறீங்க, கதிரெல்லாம் கொட்டுது, வந்து குடிச்சிட்டு அறுங்க" என்றாள். அந்தத் திட்டைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அறுத்துக் கட்டிப் போரடித்து முடிக்கும்வரை அங்கேயே தங்கினோம். ஒருநாள் சாமையைத் தூற்றிக்கொண்டிருக்கும்போது அவளாகத்தான் கேட்டாள், "லாரியை நிறுத்துனா எங்க கிழங்குதான் அழுவும், நாங்க புடுங்காமயே வுட்டா யாரு கிழங்கு அழுவும்?" என்று. கிழங்கு மண்ணுக்குள் கிடந்தால் மாசக்கணக்கில் கெடாது, வெளியே எடுத்தால்தான் கேடு. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், ஆனால் அதை வைத்து மில்லை நிறுத்தலாம் என்று அவள் வாயில்தான் வந்தது. மலையில் ஓடுகிற தண்ணீர் கீழே வந்து எந்த ஏரியில் கெடுகிறது என்று அவர்களுக்கும் தெரியும், கீழே இருப்பவர்கள் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தை பிறந்தது, பிடுங்குகிற காலம், மலையில் ஒருத்தரும் மண்வெட்டியைத் தொடவில்லை. அவர்களுக்குக் கைச்செலவுக்கு வழி இல்லாமல் போய்விடக் கூடாது என்று நம் ஊரில் மேட்டு வயலில் மழைக்கு விளைந்த நெல்லைக் களத்தில் அளந்த வீடெல்லாம் மலைக்கு ஒரு மரக்கால் என்று ஒதுக்கினோம், சுப்புராயன் மாமாவே இரண்டு மரக்கால் கொண்டுவந்து கொட்டிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். மாசியில் மில் சத்தமே நின்றது. சிவசங்கர் ஜீப் எடுத்துக்கொண்டு மலையேறினான், இனிமேலும் விட்டால் கிழங்கு நார் பாய்ந்துவிடும் என்று பயம் காட்டினான். சாமியம்மாள், "மண்ணு எங்களுது, கிழங்கு எங்களுது, அதுக்கு ஒரு அவசரமும் இல்ல சார். பசி உன் மில்லுக்குத்தான்" என்றாளாம், அதை இருசம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். பங்குனியில் முதலாளியே இறங்கி வந்தான். தாசில்தார் முன்னால், மலையும் ஊரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். ஏரிக்குள் வருகிற குழாயை அடைக்கிறது, கழிவைச் சுத்தம் பண்ணத் தொட்டி கட்டுகிறது, கட்டி முடிக்கும்வரை ஒரு சொட்டு விடக் கூடாது, மாதனுக்கு அழுகிப்போன கிழங்குக்கும் மில்லே ஈடு கொடுக்கிறது என்று முடிவானது. கடைசிச் சங்கதியை நான்தான் எழுந்து கேட்டேன். கோடையில் ஏரி வற்றியபோது சேற்றையெல்லாம் நாங்களே வாரிக் கரையில் போட்டோம், இந்த ஐப்பசி மழைக்கு ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிகிறது.

நேற்று அப்பாவுக்குத் தலைத்தெவசம், அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ வர முடியவில்லையே என்று மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, லீவு கொடுக்காததற்கு நீ என்ன செய்வாய். விடியற்காலையில் ஏரியில் இறங்கி முழுகினேன். முழுகும்போது அவர் பேரைச் சொன்னேன், தண்ணீருக்குள் சொன்னதால் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கரையேறும்போது குளிரில் பல் கிட்டிக்கொண்டது, இருசம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, புருஷன் தெவசத்தன்று சிரித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். படையல் சோற்றுக்கு மாதனும் சாமியம்மாளும் மலையிலிருந்து வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

இன்னும் ஒன்று. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு ஊரில் கல் குவாரி வெடியால் வீடெல்லாம் விரிசல் விடுகிறதாம், அந்த ஊர்ப் பெண்கள் வந்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், உன் அம்மாவை, மேடையில். நான் மைக்கைப் பிடித்ததே இல்லை. என்ன பேசுவது என்று இருசம்மாளிடம் கேட்டேன், "நாம ஜெயிச்சதைச் சொல்லு" என்கிறாள். அதைக் கடைசியில் சொல்லிக்கொள்கிறேன். லாரியை மறிப்பதற்கு முன்னால் அதில் இருப்பது யாருடைய உழைப்பு என்று கேளுங்கள், அந்த வீட்டுக்கு முதலில் போங்கள் என்றுதான் ஆரம்பிக்கப்போகிறேன்.

போகிற வழியில் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை வைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே, அனுப்பிய எள்ளுப் பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது. நீ தொட்டது துலங்கி, கண்ணில் தண்ணீர் வராமல், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என் தாயே.

உன்னைப் பெற்ற அம்மா
பொ. ஜெயம்மாள்