மூன்றாவது முடிச்சு

கோவில்பட்டி
12.8.2024

காளீஸ்வரிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. இங்கு அம்மா நலம். உன் நலத்தை டிவியில் பார்த்துக்கொள்கிறோம்.

ஆவணி இருபதாம் தேதி எனக்குக் கல்யாணம். பெண் விளாத்திகுளம், பெயர் கல்யாணசுந்தரி. யாரோ சொல்லி நீ திடீரென்று மண்டபத்தில் வந்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்திரிகையில் உன் பெயர் போடவில்லை. முதல் முடிச்சு நான் போட்டதும், நாத்தனார் போட வேண்டிய மற்ற இரண்டையும் சித்தப்பா மகள் வள்ளிமயில் போடுவாள்.

காரணம் உனக்கே தெரியும். அப்பா உனக்குக் குலசாமி பெயரை வைத்தார். நீ அதைக் ‘காளி’ என்று வெட்டி போஸ்டரில் ஒட்டிவிட்டு, தலையை விரித்துப் போட்டு டிரம்ஸ் அடித்துக்கொண்டு கத்துகிறாய். அண்ணன்காரன் டிரம்மைப் பிளேடால் கிழித்தான் என்று ஒரு பாட்டுப் பாடியிருக்கிறாயே, அதை நம் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிற பெண்கள் போனில் வைத்துக் கேட்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் சத்தத்தைக் குறைக்கிறார்கள். முதலாளிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

வர வேண்டாம்.

முத்துசெல்வம்


பெங்களூரு
20.8.2024

அண்ணனுக்கு,

பத்திரிகையில் பெயர் இல்லாதவளுக்குத் தனியாக ஒரு கடிதம். சந்தோஷம்.

கோவில் கொடையில் சாமியாடுகிறவர்கள் கொண்டை போட்டுக்கொண்டா ஆடுகிறார்கள்? அங்கே விழுந்து கும்பிடுகிறாய், இங்கே கத்தல் என்கிறாய். கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும்போது பாட்டுக்கு மூச்சை மிச்சம் பிடிப்பது என்னவென்று உனக்குத் தெரியாது. நம் ஆபீசில் பசை டின்னைக் கவிழ்த்துப் போட்டுப் பழகியது அது. திருநெல்வேலி காலேஜ் மேடையில் ஆரம்பித்து, இங்கே பப்பில் குடிகாரர்களுக்கு அடித்து, இன்று என் பெயருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். நீ ஒருநாள்கூட வரவில்லை.

பாட்டில் இருப்பது பொய்யென்றால் சொல், எடுத்துவிடுகிறேன். டிரம்மைக் கிழித்துவிட்டு, “ஏட்டி, இனி கொட்டுனா கையக் கிழிப்பேன்” என்றாயே, அதை நான் பாட்டில் சேர்க்கவில்லை. உன் மேல் அவ்வளவு பாசம்.

கெட்டிமேளம் எதற்கு அடிக்கிறார்கள்? தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழக் கூடாது என்று. நம் வீட்டில் அந்தக் கெட்ட சத்தம் நான்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். நன்றாக அடிக்கச் சொல்.

காளி


கோவில்பட்டி
9.9.2024

காளீஸ்வரிக்கு,

உன் வாய் முகூர்த்தம் பலித்தது. நன்றாகவே அடித்தார்கள்.

முதல் முடிச்சு நான் போட்டேன். இரண்டாவது வள்ளிமயில் போட்டாள். மூன்றாவதுக்கு அவள் நூலை எடுத்தபோது கல்யாணசுந்தரி கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்து நூலைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு இருக்கட்டும். கூடப்பிறந்தவிய வந்து போடட்டும்” என்றாள். மேளக்காரருக்கு விவரம் தெரியவில்லை. மூன்று முடிச்சும் விழுந்தால்தானே நிறுத்துவார், அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சித்தப்பா போய்த் தவிலைப் பிடித்தார். மண்டபமே எங்களைத்தான் பார்த்தது.

அவள் படித்தது நீ படித்த அதே காலேஜ். நீ அங்கே வந்து பாடிய அன்று கரண்ட் போய், மைக் நின்ற பிறகும் நீ விடாமல் அடித்துப் பாடினாயாம். கடைசி வரிசையில் இருந்த அவளுக்கும் கேட்டதாம். பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொல்லியிருந்தால் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து வந்திருப்பேன்.

இப்போது தலைதீபாவளிக்குத் தாய்வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். “ரெண்டு முடிச்சோட அங்கன எப்படிப் போவேன்? நான் கேட்டது கேட்டதுதான்” என்கிறாள். மாமனாருக்கு நான் என்ன பதில் சொல்ல? அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, “எம் மவ கை படாத தாலி என்னலே தாலி” என்று என்னை ஏசுகிறாள்.

ஆவணி முடிவதற்குள் வந்து முடிச்சைப் போட்டுவிட்டுப் போ. உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அவள் கூப்பிடுகிறாள்.

முத்துசெல்வம்


பெங்களூரு
14.9.2024

அண்ணனுக்கு,

ஆவணிக்குள் முடியாது, எனக்குக் கச்சேரி இருக்கிறது. புரட்டாசியில் நீங்கள் நல்ல காரியம் செய்ய மாட்டீர்கள். ஐப்பசி எட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன். கல்யாணசுந்தரிக்காக வருகிறேன். அவள் முகத்தைக்கூட நான் இன்னும் பார்த்ததில்லை. நம் வீட்டில் எனக்காக இதுவரை யாரும் கையை நீட்டியதில்லை. எழுதும்போது அழுகை வருகிறது. அது உனக்கானது இல்லை.

ஒரு நிபந்தனை. மூன்றாவது முடிச்சு விழாமல் உன் கெட்டிமேளம் முடியாது. மேளமில்லாமல் நானும் முடிச்சுப் போட மாட்டேன். என் டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். வாசலில் வைத்து அடிக்க வேண்டும், தெரு முழுக்கக் கேட்க வேண்டும். என் இரண்டு கையும் நூலில் இருக்கும். அதனால் நீதான் அடிக்க வேண்டும். வாடகைக்கு ஆள் பிடிக்கக் கூடாது.

முடியாதென்றால் இரண்டு முடிச்சோடு இரு. தீபாவளிக்கு மாமனாரிடம் என்னவென்று சொல்வாயோ, அது உன் பாடு.

காளி


கோவில்பட்டி
30.9.2024

காளீஸ்வரிக்கு,

உன் திமிர் இன்னும் குறையவில்லை. வேனெல்லாம் கொண்டு வராதே, நம் தெருவில் திரும்பாது.

மாடியில் கிடந்த உன் பழைய டிரம்மை பேண்டு செட் அய்யாத்துரை அண்ணாச்சியிடம் கொடுத்துப் புதுத் தோல் போட்டாயிற்று. “யாரு கிழிச்சா?” என்று கேட்டார். “பாட்டக் கேக்கலையா?” என்றேன்.

ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன், ஆட்டோ பிடித்து வா. தாளம் தப்பினால் சிரிக்கக் கூடாது. முடிச்சு போட்டதும் சத்தமாகச் சொல். நீ சொல்கிறவரை நான் நிறுத்த மாட்டேன்.

அண்ணன்