கார்பன் தாளில் விழாத வரிகள்

அன்புள்ள நீதிபதி அம்மாவுக்கு,

டீன் வீட்டு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மகள் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதவியில் நீ பெரியவள், வயதில் நான் பெரியவள். இது கோர்ட் இல்லை என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

அவர் போய் இரண்டு வருடம் ஆனதும் சட்டக் கல்லூரியிலிருந்து ஆள் வந்து அவருடைய காகிதங்களைக் கேட்டார்கள். கல்லூரியின் இரண்டாவது டீன், ஆரம்ப காலத்து மனிதர், எல்லாவற்றையும் காப்பகத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். பரண், அலமாரி, கட்டிலடி எல்லாவற்றையும் காலி செய்து கொடுத்தேன். மொத்தம் நாற்பத்து மூன்று பெட்டி. போன மாதம் அதற்கு அச்சடித்த பட்டியல் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் என்னைத்தான் தேடினேன். ‘மனைவி: காண்க, குடும்பம்’ என்று இருந்தது. குடும்பத்தைப் பார்த்தால் பதினொரு தாள், அதில் ஆறு என் பல் வைத்தியர் எழுதிய சீட்டு. உனக்கு ஒரு பெட்டி முழுவதும் கொடுத்திருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

மறுநாளே காப்பகத்துக்குப் போனேன். கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார்கள், பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். என் வீட்டுப் பரணில் கிடந்த காகிதத்தைத் தொட எனக்கே அனுமதிச் சீட்டு! நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். அவரிடம் படித்து முடித்து நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போன பிறகு எட்டு வருடம் நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டது எல்லாம் இருக்கிறது. உன் கடிதங்கள் அசல், அவர் எழுதியதற்குக் கார்பன் நகல்.

மாணவர்கள் அவருக்கு ‘ஆட்சேபணை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தது உனக்குத் தெரியும். வீட்டில் அவர் எதையும் ஆட்சேபித்தது கிடையாது. குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார். எதைக் கேட்டாலும் ‘சரி’. உன்னிடம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார், கேலி செய்திருக்கிறார். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று பதினேழு இடத்தில் கேட்டிருக்கிறார். டீன் பதவியை ஏற்கலாமா என்றுகூட உன்னிடம்தான் கேட்டிருக்கிறார். அவர் டீன் ஆனது எனக்குத் தெரிந்தது, வாசலில் புதுப் பெயர்ப்பலகை அடித்த அன்று.

மகனிடம் சொல்லி அழுதேன். அவனும் என்னோடு காப்பகத்துக்கு வந்து எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “வெறும் சட்டம்தானேம்மா, வேற ஒண்ணுமே இல்லையே” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? வேறு ஏதாவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் முப்பத்தாறு வருடம் பக்கத்திலேயே இருந்தேன். என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் நானும் ஏதாவது நினைத்திருப்பேன்.

உன் கோப்பை என்ன செய்வது என்று என்னைத்தான் கேட்கிறார்கள். யாரும் படிக்கத் திறந்து வைக்கலாம், முப்பது வருடம் மூடி வைக்கலாம், அல்லது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கி வந்து அடுப்பில் போடுவதென்று முடிவு செய்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

காப்பகத்தில் உட்கார்ந்த கடைசி நாள் உன் கடிதம் ஒன்றில், ‘அடியில் நீங்கள் பேனாவால் எழுதிய வரிகளை மூன்று முறை படித்தேன்’ என்று இருந்தது. நகலை எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. டைப் அடித்து முடித்து, கார்பனை உருவிவிட்டு, அசல் தாளில் மட்டும் பேனாவால் ஏதோ எழுதுவார். நான் காபியோடு போனால் மறைக்கவும் மாட்டார், நிமிரவும் மாட்டார். உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டு வந்தவள் நான்தான். எட்டு வருடத்தில் ஒன்றையும் பிரித்துப் பார்த்ததில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கோப்பு திறந்தே இருக்கும். மற்ற நாற்பத்திரண்டு பெட்டியிலும் அந்த மனுஷன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இதையும் எரித்துவிட்டால் அவர் சிரித்தார் என்பதற்கு அத்தாட்சியே இருக்காது. காப்பகத்துப் பெண் எனக்கு நன்றி சொன்னாள். அவளிடம்கூட எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆகையால் இது பேரம் இல்லை, வெறுங்கையோடு கேட்கிறேன்.

அசல்களை நீயே வைத்துக்கொள். அடியில் உள்ள பேனா வரிகளை மட்டும் பார்த்து எழுதி அனுப்பு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் அதை முதலில் எழுது, என் சமையலைப் பற்றி என்றாலும் பரவாயில்லை. எதிலுமே நான் இல்லை என்றால் அப்படி எழுதாதே. வீடு மாறும்போது எல்லாம் தொலைந்துவிட்டது என்று எழுது. நீ பொய் சொல்லிப் பழகாதவள் என்று எனக்குத் தெரியும். எனக்காக ஒரே ஒரு தடவை சொல். நான் நம்பிவிடுகிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் டீனின் மனைவி