நீளமான பாட்டு

அன்பு மகளே,

உம்மா மௌத்தான அன்று, "அவங்க மூச்சு நிக்கறப்போ பாட்டா கேட்டுக்கினு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாய். எட்டு மாதமாகிறது.

புரோக்ரசிவ் ராக் என்கிற அந்த நீள நீளமான இங்கிலீஷ் பாட்டுகள் எனக்குப் பதினெட்டு வயதில் பிடித்த பைத்தியம். "இன்னாங்க, இந்தப் பாட்டு முடியவே முடியாதா?" என்று முப்பது வருடம் திட்டியவள் உம்மா.

அன்று காலை அவளேதான் கேட்டாள்: "இருக்கறதுலயே நீளமான பாட்டைப் போடுங்க. அது முடியற வரைக்கும் எழுந்து போவ மாட்டீங்க இல்ல?"

இருபத்து மூன்று நிமிடப் பாட்டு. உனக்குப் போன் செய்யக்கூட அவள் என் கையை விடவில்லை. பாதியிலேயே போய்விட்டாள். முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

ஏரியில் உனக்குப் பிடித்த இறால் வரத் தொடங்கிவிட்டது. நீ வருவதானால் பொன்னேரி ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

உன் வாப்பா