தோளுக்கு மேலே ஒரு டார்ச்

நேற்று மாலை மெக்கானிக் கடையில், இன்ஜின் ஓடாமலே நம் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன்.

மெக்கானிக் சிரித்தார். "பேட்டரி மாட்டியாச்சு சார். இனிமே வண்டி நின்னுகினு இருந்தாலும் லைட் எரியும், ஹாரன் கத்தும்." பிறகு முன்பெட்டியில் கிடந்த உன் டார்ச்சை எடுத்து என் கையில் வைத்தார். "பேட்டரிக்கு அந்த எடம் வேணும். இத வூட்ல வச்சுக்கோங்க." வாங்கிக்கொண்டேன்.

அந்த வண்டியின் குணம் உனக்குத் தெரியாததா? இன்ஜின் வேகமாக ஓடினால் விளக்கு பளிச்சென்று எரியும். வேகம் குறைந்தால் மங்கிவிடும். நல்ல ரோட்டில் வெளிச்சம் தாராளம். குண்டும் குழியும் பார்த்து மெதுவாகப் போகிற இடத்தில் இருட்டு. சந்தவாசலில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அந்தி சாய்ந்து திரும்பும்போதெல்லாம், ஏரிக்கரை வளைவில் உன் கை டார்ச்சோடு என் வலது தோளுக்கு மேலே நீளும். நான் தோளைத் தாழ்த்தி இடம் விடுவேன். "இன்னாங்க, பள்ளம்! இந்தப் பக்கம் ஒடிங்க" என்பாய். ஹாரனும் அப்படித்தான், மெதுவாகப் போனால் ஆட்டுக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அதை நம்பாமல் நீயே கத்துவாய்: "ஓரம் போங்க, வண்டி வருது!" எனக்கு மானம் போகும். உனக்கு அதில் ஒரு குஷி.

பேட்டரி வைத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கசொல்ல உங்களுக்கு இன்னாத்துக்கு பேட்டரி?" என்று பேச்சை முடித்துவிட்டாய்.

நீ போன பிறகு நம் மகள் போனில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணு வண்டிய வித்துடுங்க, இல்லன்னா லைட்ட மாத்துங்க." நான் பிடி கொடுக்கவில்லை. மாற்றிவிட்டால் பின்சீட்டு உண்மையிலேயே காலியாகிவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

போன வாரம் விடியுமுன் பால் வாங்கக் கிளம்பினேன். அடுத்த தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். அந்தக் குடும்பம் அடுத்த பல நாள் நெய்து சாப்பிட வேண்டிய நூல். முனையில் திரும்ப வேகத்தைக் குறைத்தேன், விளக்கு செத்தது.

"அண்ணா, பாவு! பாவு!"

பிரேக்கை மிதித்தேன். சக்கரத்துக்கும் இழைக்கும் நடுவே ஒரு சாண். கூவிய பெண் ஓடிவந்து முதலில் நூலைத் தடவிப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். "தறியில ஒக்கார்ற ஆளு, நீங்களே இப்டி வரலாமாண்ணா?" என்றாள். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவன், அடுத்தவர் பாவில் வண்டியை விட இருந்தேன். நீ இருந்திருந்தால் தெருமுனையிலேயே என் முதுகில் தட்டி, "எறங்கித் தள்ளுங்க, நூலு இருக்குது" என்றிருப்பாய். நீ இல்லை. அதை அந்தச் சாண் இடைவெளியில்தான் ஒத்துக்கொண்டேன். பேட்டரி வைக்கச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பாலுக்கு நடந்தே போனேன்.

இன்று விடியற்காலை அதே தெருவில் மறுபடியும் பாவு. முனையில் இன்ஜினை அணைத்தேன். விளக்கு அணையவில்லை. காலால் உந்திக்கொண்டு வீடுகளை ஒட்டியே போனேன். ஒவ்வொரு இழையும் தெரிந்தது. உன் டார்ச் வெளிச்சத்தில்கூட இவ்வளவு தெரிந்ததில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பெண் பாவின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள்.

"லைட்டு நல்லா இருக்குதுண்ணா. தோள்ல இன்னா, வலியா? ஒரு பக்கமா சாஞ்சிகினு போறீங்களே?"

அப்போதுதான் கவனித்தேன். வலது தோளைத் தாழ்த்தி இடம் விட்டிருக்கிறேன்.

"வலி இல்லம்மா" என்றேன்.

பால்கடை வரும்வரை தோளை நிமிர்த்தவில்லை.