மீத்தேனும் பதினாறு, ஆக்சிஜனும் பதினாறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் இங்கே நாள் நகர்கிறது, அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், திரும்பி மாடி ஏறும்போது அவரைப் பிடிப்பதா கைப்பிடியைப் பிடிப்பதா என்றாகிவிடுகிறது. தண்ணீர் அளவோடுதான் என்று டாக்டர் சொன்னதால் ஒவ்வொரு டம்ளரையும் நோட்டில் எழுதுகிறேன். போன வாரம் நோட்டு சரியாக இருந்தது, அவர் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பார்த்தால் மனுஷன் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொள்கிறார். கேட்டால், தண்ணிதானே குடிக்கக்கூடாதுன்னு சொன்னே, இது கட்டிதானேடி என்கிறார். சிரிப்பதா அழுவதா சொல்லு.

உன் கடிதத்தை, நீ முன்னே அனுப்பிய வேதியியல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு தரம் படித்தேன். உன் ஆராய்ச்சியில், காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் மின்னேற்றிய டான்டலம் என்கிற உலோக அணு, எடை நூற்று எண்பத்தொன்று. அது மீத்தேனில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே புகுந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் நூற்றுத் தொண்ணூற்றைந்து, உடைக்காமல் முழுசாக வைத்துக்கொண்டால் நூற்றுத் தொண்ணூற்றேழு. அந்தத் தொண்ணூற்றேழை நீ பிடித்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம்கூடப் பெருமையடித்தேன். எடை ஒன்று கூடின கனமான கார்பன் உள்ள மீத்தேனை விட்டால் அது தொண்ணூற்றெட்டாக வேண்டும், நகரவே இல்லை என்கிறாய். எப்படி நகரும் கண்ணு, நீ சந்தேகப்பட்டதுதான். எங்கோ ஈரம் கசிந்து, அதிலிருந்த ஆக்சிஜனை உலோகம் பிடுங்கியிருக்கிறது. மீத்தேனுக்கும் ஆக்சிஜனுக்கும் எடை ஒன்றேதான், பதினாறு, நீயும் ஏமாந்தாய் நானும் ஏமாந்தேன்.

அந்தக் கனமான கார்பன் சோதனையை எழுதாமல் விட்டுவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று உன் பேராசிரியர் சொன்னாராம், திரும்பச் செய்தால் இன்னும் ஒரு வருஷமாம், என்னம்மா செய்யட்டும் என்று கேட்கிறாய். வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு முடியவில்லை, இடுப்பு விட்டுப்போகிறது. நீ வந்தால் வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவை நீ கூட்டிப்போவாய் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன், பிரார்த்தனையிலும் அதையேதான் கேட்டேன். ஆனால் தெரிந்தே தப்பைக் கொடுத்துவிட்டு வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் உன் மனசு அந்தப் பெட்டிக்குள்ளேதான் கிடக்கும். கசிவைத் தேடு, மறுபடி செய். பேராசிரியரிடம் நேரில் போய்ச் சொல், மரியாதையாகச் சொல்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவசரப்பட வேணாம், அதுவரைக்கும் நான் இருப்பேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

ஆண்டவன் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவிடம் போனில் பேசு, கேட்காதவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா