பக்கத்தைத் தள்ளும் முன்

தங்கச்சிக்கு,

அன்றைக்கு மாடிப்படியில் இருந்தவர்கள் நாலு பேர். நீ, நான், உன் வீட்டுக்காரர், உன் மாமியார். ஐந்தாவது ஆள் கிடையாது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனதில் இந்த எண்ணிக்கை ஒன்றுதான் முழு நிஜம்.

மூன்று வருஷம் கழித்து இதை எழுத வைத்தது சமையலறை அலமாரி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் டப்பாக்களை இறக்கி, தட்டில் விரித்திருந்த பழைய காகிதத்தை உருவினேன். துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அச்சடிக்கிற காகிதம். பச்சைக் கோடு போட்டது, இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை. மஞ்சள்தூளும் கரப்பான் மருந்தும் கலந்த வாசனை. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: "அக்காவைக் கேட்கணும்." என்ன கேட்க நினைத்தாய் என்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மந்தைவெளியில் எங்கள் தலைக்கு மேல் நீங்கள் குடி வந்த நாளிலிருந்து உங்கள் சத்தம் கூரை வழியாக இறங்கும். முதலில் பாத்திரம் விழும். பிறகு அவர் குரல். பிறகு குரலே இல்லாமல் தொம் தொம்மென்று கொஞ்ச நேரம். நான் ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்ல ஆரம்பிப்பேன். உனக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் என் காதில் விழாமல் இருக்கத்தான் சொன்னேன்.

காலையில் நீ ஒன்றும் நடக்காதது போல் இறங்கி வந்து, தேனாம்பேட்டை ஆபீஸுக்குப் போகும் முன் என் வாசலில் ஐந்து நிமிஷம் நிற்பாய். மெயின்ஃப்ரேம் என்றால் அறையளவு பெரிய கம்ப்யூட்டர் என்று உன்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பென்ஷன்காரர்கள் பட்டியல், ஆயிரக்கணக்கில் பேர். திரையில் ஒரு நேரத்தில் பதினைந்து வரிதான் தெரியும். எட்டாம் பொத்தானை அமுக்கினால் அடுத்த பதினைந்து, ஏழாம் பொத்தானுக்குத் திரும்ப மேலே. செத்துப்போனவர் பேருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'டி' எழுத்தைப் போட்டால் அந்தப் பேர் பட்டியலிலிருந்து போய்விடும். அந்தப் பட்டியலைக் காட்டுகிற புரோகிராம் உன்னுடையது. திங்கட்கிழமை காலையில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். நன்றாக ஓடினால் பம்பாய் ஆபீஸுக்கு மாற்றுவார்கள். என் ஒருத்தியிடம்தான் சொன்னாய். "பெரிய வேலைக்காக இல்லைக்கா. உசிரோட இருக்கறதுக்கு."

வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரிந்துவிட்டது. உன் வலது கையைப் பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தடவை இல்லை. மேலேயிருந்து இரும்பு மோதுகிற சத்தத்தை நான் எண்ணினேன், ஐந்து. ஆஸ்பத்திரியில் உன் மாமியார், நீ படியில் விழுந்துவிட்டாய் என்று சொன்னார். படியில் விழுந்தால் விரல்கள் மட்டும் எப்படி நசுங்கும்? நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கட்டு மாற்றக் கூட்டிப் போகிறேன் என்று உன் வீட்டுக்காரரிடம் பொய் சொல்லி உன்னை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நேரே உன் ஆபீஸ், புரோகிராமில் மீதி இருந்ததை முடிக்க. வாட்ச்மேன் நீட்டிய நோட்டில் இடது கையால் என்னை 'அக்கா' என்று எழுதினாய். டைப்பிங் நான் யாரிடமும் போய்க் கற்றதில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த புத்தகத்திலிருந்து எழுத்துப் பலகைப் படத்தைக் கிழித்து, அட்டையில் ஒட்டி, அதன்மேல் விரல் வைத்துப் பழகியது. அந்த விரல்களைத்தான் அன்றைக்கு உனக்குக் கொடுத்தேன்.

நீ சொல்லச் சொல்லத் தட்டினேன். "புள்ளி வைங்கக்கா. வாக்கியம் முடிஞ்சா புள்ளி. விட்டுட்டா இது எங்க வீட்டுக்காரரை விட மோசமா கத்தும்." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். உதட்டுக் காயம் பிளந்து மறுபடி ரத்தம் வந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே மேற்கொண்டு சொன்னாய்.

கடைசியில், இப்போது நீங்கள் பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா, இஷ்டப்படி செய்யுங்கள் என்றாய். நான் நாலாவது வரியில் ஒரு 'டி' போட்டுவிட்டு எட்டாம் பொத்தானை அமுக்கினேன். என் வீட்டுக் கணக்கு நோட்டில் பக்கம் முழுக்க டிக் போட்டுவிட்டுத்தான் புரட்டுவேன். வரிக்கு வரி நின்று பழக்கமில்லை. உங்கள் ஆபீஸில் எல்லோரும் ஒரு எழுத்தைப் போட்ட கையோடு என்டர் தட்டுவார்களாம். அதனால் அதுவரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை. ஏழாம் பொத்தானில் திரும்பி வந்து பார்த்தால், நான் குறித்த ஆள் அப்படியே இருக்கிறார். அடுத்த பக்கத்தில் நாலாவது வரியில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் பேர் காணோம்.

சோதனைக்கு வைத்த பட்டியல்தான். இருந்தாலும் உன் முகம் வெளுத்துவிட்டது. "உசிரோட இருக்கிறவளைச் சாகடிச்சுட்டோம்கா." புரோகிராம் முதலில் பக்கத்தைத் தள்ளிவிடுகிறது, அப்புறம்தான் நாலாவது வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. அதற்குள் அங்கே வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு விளக்கினாயோ, உனக்கே சொல்லிக்கொண்டாயோ, இந்த வார்த்தையை அப்போதுதான் சொன்னாய்: "முதல்ல அவங்க எழுதினதைப் படிக்கணும். அப்புறம்தான் பக்கத்தைத் தள்ளணும்."

மாற்றி எழுதி முடிக்க மூன்று மணி ஆனது. மூன்று வரியில் குறித்துவிட்டுக் கீழே தள்ளினேன், மேலே ஏறினேன், அடிமட்டம் வரைக்கும் போய் வந்தேன். குறித்த மூன்று பேர் மட்டும்தான் போனார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். கன்னத்தில் பழைய தழும்பு, காதோரம் புதுசு, கழுத்தில் விரல் தடம். இத்தனையும் எனக்குப் படிக்கத் தெரியும். எத்தனை காலை என் வாசலில் வைத்தே படிக்காமல் பக்கத்தைத் தள்ளியிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா, கட்டு மாத்திக்கினு வந்தியா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே அந்தக் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். நாலாவது படி வரைக்கும் உன்னை இழுத்துக்கொண்டு போய்த் தலையைச் சுவரில் மோதினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாவது மோதலில் சுவரில் சிவப்பாகப் பட்டது. மேலே வாசலில் நின்ற உன் மாமியார் தெருப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளியில வேணாம்டா நைனா. உள்ள இட்டுக்கினு வா."

அந்த வாரம் அடி பம்பின் இரும்புக் கைப்பிடியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு முறை. கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன். அதை எடுத்தது நினைவில்லை. கனம் மட்டும் கையில் நினைவிருக்கிறது. முதல் அடி தோளில். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், உன்னை விட்டுவிட்டார். என் பக்கம் திரும்பினார், இரண்டாவது முழங்காலில். படியிலிருந்து உருண்டு கீழே வந்து விழுந்தார். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "வேணாம்மா" என்றார். மூன்றாவது அடி அதற்கு அப்புறம். அதே முழங்காலில், குறி பார்த்து.

அவரை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீ என் வீட்டில் உள்தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருந்தாய். மறுநாள் காலை தலையிலும் கையிலும் கட்டோடு போய் ஓட்டிக் காட்டினாய், சாயந்திரம் சென்ட்ரலில் ரயில் ஏறினாய். அதே சாயந்திரம் போலீஸ்காரர் வந்தார். நான் உண்மையைச் சொல்லத் தயாராக நின்றேன். உன் மாமியார் முந்திக்கொண்டார். "படியில வழுக்கி வுழுந்துட்டான் சார்." என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கீழ் வீட்டுப் பொம்பளையிடம் மகன் அடி வாங்கினான் என்று தெருவில் சொல்ல முடியுமா? நான் தலையாட்டினேன்.

பம்பாயிலிருந்து உன் கார்டு ஒன்று வந்தது. சேர்ந்துவிட்டேன், புரோகிராம் ஓடுகிறது என்று இரண்டு வரி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று இப்போது பேப்பரில் போடுகிறார்கள். உன்னுடையது நிற்காது என்று பேப்பர் படிக்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்கிறேன்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முதல் இரண்டு அடிக்கும் மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறேன், மூன்றாவதுக்கு அந்த வருத்தம் வரவில்லை சாமி என்று சொன்னேன். அது வரும்போது வா மகளே, அப்போதுதான் மன்னிப்பு என்றார். வரவில்லை. மூன்று வருஷமாகப் பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது மன்னிப்பு வாங்காத நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வழி விட்டு முழங்காலை ஒதுக்கிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர் இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஆனால் நடக்கிறார். போன வாரம் கீரைக்காரியிடம் நிற்கும்போது உன் மாமியார் பக்கத்தில் வந்து, யாரிடமோ சொல்வது போல், "அவ இருக்கிற எடம் தெரிஞ்சுபோச்சு. பொங்கல் முடிஞ்சதும் போறான்" என்றார். மிரட்டினாரா, உன்னை எச்சரிக்கச் சொன்னாரா என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் புரியவில்லை. கீரையை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அதனால்தான் இதில் இத்தனை அவசரம். உன் பழைய ஆபீஸில் நேரில் கொடுத்து, நீ இருக்கிற இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவர் உன் வாசலுக்கு வந்து நின்றார் என்று நான் கேள்விப்பட்டால், மூன்று அடியோடு நிறுத்தினதற்காகத்தான் மனஸ்தாபப்படுவேன். அந்தப் பயம்தான் எனக்கு இப்போது, தங்கச்சி. ராத்திரி ஜெபத்தில் உன் பேரைச் சொல்லும்போது உயிரோடு இருக்கிறவர்களோடு சொல்வதா, இறந்தவர்களோடு சொல்வதா என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுது. பொங்கலுக்கு முன் பதில் போடு.

அக்கா